நெற்றிப் பலகை

மரம் அறுப்பது இரண்டு ஆள் வேலை. குழிக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தின்மேல் ஒருவன் நின்று ரம்பத்தை மேலே இழுக்க வேண்டும். குழிக்குள் நிற்பவன் கீழே இழுக்க வேண்டும். மேலாளுக்குக் கண் வேண்டும், கீழாளுக்குத் தோள் போதும். நான் கீழாள். மேலாள் கமானு. ஆறு வருஷத்தில் அவன் அறுத்த பலகை கரிக்கோட்டை விட்டு ஒரு நூல் விலகியதில்லை. அப்படிப்பட்டவன் அன்று காலையில் மட்டும் மூன்று பலகையைக் கோணலாக அறுத்துத் தள்ளினான்.

“ஏலே, மேல ஆள் நிக்குதா, இல்ல சட்டைதான் காயுதா?” என்று குழிக்குள்ளிருந்து கத்தினேன்.

ரம்பம் நின்றது. அவன் முகம் மேலேயிருந்து எட்டிப் பார்த்தது.

“மதினி வந்திருக்கா அண்ணே.”

“வரட்டுமே. வந்தா மீன் கருவாடு கொண்டாருவா. எனக்கும் ரெண்டு துண்டு கிடைக்கும்.”

“தொட்டில் கொண்டாந்திருக்கா.”

நான் ரம்பத்தை விட்டுவிட்டேன்.

கமானுவுக்கு மகன் பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவன் மனைவி கிலாசி, ஆறு கடலில் விழும் இடத்தில் வாழும் சினூக் குலத்துப் பெண். அவர்கள் ஜனத்தில் பிள்ளை பிறந்ததும் தேவதாரு மரத்தில் குடைந்த தொட்டிலில் கிடத்தி, நெற்றியின்மேல் ஒரு பலகையை வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தக் கட்டுதான். அவிழ்த்துப் பார்த்தால் மூக்கிலிருந்து உச்சி வரைக்கும் நெற்றி கூரைச் சரிவாக ஏறியிருக்கும். கிலாசிக்கு அப்படித்தான் இருந்தது. அவள் அக்காவுக்கு அதைவிட அழகாக இருந்தது. அந்த ஆற்றில் உருண்டைத் தலை என்றால் ஒரே அர்த்தம்தான். அடிமைகளின் பிள்ளைகளுக்குத்தான் பலகை கட்டமாட்டார்கள்.

கமானுவும் நானும் பிறந்த வெயில் தீவுகளில் கதை தலைகீழ். பிள்ளையின் தலையை எண்ணெய் தொட்ட உள்ளங்கையால் நீவி நீவி உருட்டுவார்கள், மூக்கைப் பிடித்துவிடுவார்கள். தலை சப்பையாகிப்போனால், பெற்றவள் சோம்பேறி என்று ஊர் சிரிக்கும்.

எங்களை எங்கள் ஓவாஹு தீவில் கப்பலேற்றி இந்தக் குளிர் நாட்டில் இறக்கியது மிருகத்தோல் வாங்கும் கம்பெனி. மேட்டில் கோட்டை, தாழ்வில் எங்கள் மரக்குடிசைகள். மேலாற்றிலிருந்து பீவர் என்ற ஆற்றுப் பிராணியின் தோல் படகு படகாக வரும். அதை உதறி, அடித்து, கட்டுப் போடுவோம். தோல் வராத மாதங்களில் சால்மன் மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடைப்போம், மரம் அறுப்போம். பலகையும் உப்பு மீனும் கப்பலேறி எங்கள் ஊருக்கே போகும். ஒன்பது வருஷத்தில் நான் அறுத்த பலகைகள் எல்லாம் ஓவாஹு போய்ச் சேர்ந்து யார் யாருக்கோ வீடாகிவிட்டன. அறுத்தவன்தான் போய்ச் சேரவில்லை.

மூன்று வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம். நான் மூன்று முறை கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்டவன், கமானு இரண்டு முறை. இருவருக்கும் தவணை முடிந்து, வரப்போகும் கப்பலில் ஊர் திரும்புவதாகப் பெயரும் எழுதியாகிவிட்டது. கிலாசியும் பிள்ளையும் மேல்தளத்தில் வரலாம் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். கப்பல் ஆற்றுவாய் மணல்திட்டைத் தாண்டக் காற்றுக்குக் காத்து நிற்கிறது என்று செய்தி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கமானு ஓவாஹுவில் ஹேயியா என்ற ஊர்க்காரன். அங்கே கடலோரத்தில் கல்சுவர் எழுப்பி, உள்ளே மடவை மீன் வளர்க்கும் பெரிய குளம் உண்டு. அந்தச் சுவரைக் காப்பது அவன் குடும்பத்து வேலை. சுவரில் கால் வைத்தால் எந்தக் கல் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவானாம். அவன் பேச்சைப் பாதிதான் நம்ப வேண்டும். ஆனால் அந்தக் குளத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணிந்துவிடும், அதனால் நான் முழுதும் நம்பினேன். இங்கே வெந்நீர் வைக்காமல் ஒருநாள்கூட அவன் குளித்ததில்லை. “கடல்ல இறங்கினா பல்லு கிட்டாம இருக்கணும் அண்ணே. அவ்வளவுதான் நான் கேக்கிறது” என்பான். ஊரில் சேப்பங்கிழங்கை இடித்து, விரலில் ஒட்டும் கூழாக்கித் தின்று வளர்ந்தவன். இங்கே அது ஏது? சேற்றில் விளையும் வபத்தோ கிழங்கை அவித்து, கல்லால் இடித்து, புளிக்க வைத்து, விரலை விட்டு நக்குவான். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்து, “விரல்ல ஒட்ட மாட்டேங்குது” என்பான். ஒட்டாது என்று தெரிந்தே ஆறு வருஷமாக இடித்தான்.

அன்று சாயங்காலம் அவனுடனேயே நானும் அவன் குடிசைக்குப் போனேன். கருவாட்டு ஆசை ஒன்று, வேடிக்கை பார்க்கும் புத்தி ஒன்று.

அக்காவின் பெயர் தொவாம். கீழாற்றில் ஒரு பெரிய வீட்டுத் தலைவனின் மனைவி. நெருப்புப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கணப்பில் சுட்ட வபத்தோவை உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே கரையேற்றிய படகின் ஓரம், அவளுக்குத் துடுப்புப் போடும் அடிமைப் பெண் மழையில் நனைந்துகொண்டு குந்தியிருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

“வா மாப்ளே. உன் மகன் தலையப் பாத்தேன். உன் தலை மாதிரியே இருக்கு” என்றாள் தொவாம்.

“என் மகன் தலை என் தலை மாதிரி இல்லாம யார் தலை மாதிரி இருக்கும் மதினி?”

“அதத்தான் சொல்லுதேன். படகுகிட்ட ஒருத்தி இருக்காளே, அவ தலையும் அப்படித்தான்.”

“என் தலையும் அதே உருண்டதான் தாயி. நான் யாருக்குத் துடுப்புப் போடணும்?” என்றேன்.

“நீதான் ஒம்பது வருஷமாக் கம்பெனிக்குப் போடுதியே. பத்தாதா?”

கமானுகூடச் சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கருவாட்டைக் கடித்துக்கொண்டேன்.

தொட்டில் சுவரோரம் சாய்ந்திருந்தது. உள்ளே தேவதாருப் பட்டையைப் பஞ்சாக அடித்து மெத்தை போட்டிருந்தாள். நெற்றிப் பலகை புதிது. வழுவழுவென்று இழைத்து, ஓரத்தில் சின்னச் சின்னச் சிப்பி பதித்திருந்தாள். பத்து நாள் வேலையாவது இருக்கும்.

“எங்க வீட்ல நாப்பது பேர் படுத்து எந்திரிச்சோம்” என்றாள் தொவாம், இப்போது விளையாட்டை விட்டுவிட்டு. “அந்தக் காய்ச்சல் வருஷம் நானும் இவளும்தான் மிஞ்சினோம். இவ ஒருத்திதான் எனக்கு. இவ வயித்துல பொறந்தவன் என் வீட்டுப் பந்தியில உக்காரணும்ல மாப்ளே? நான் இருக்கும்வரைக்கும் உக்காத்தி வைப்பேன். நான் செத்தபொறவு? என் கொழுந்தன்மார் இவன் தலையப் பாப்பானுவ. யார் பெத்த பிள்ளைன்னு கேக்க மாட்டானுவ, யாரோட அடிமைன்னு கேப்பானுவ.”

“இவன் இங்க வளரப் போறதில்ல மதினி. கப்பல் வந்ததும் நாங்க கெளம்பிருவோம்.”

“கப்பல் எங்க?”

“ஆத்து வாயில நிக்கு.”

“முன்னொருக்கா ஒண்ணு அப்படித்தான் வாயில நின்னுது. மணல்ல ஏறி உடைஞ்சுது. அந்த மரத்த நாங்க ஒரு மழைக்காலம் பூரா அடுப்பெரிச்சோம்.”

கமானு கணப்பைக் கிளறினான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த கிலாசி, தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“கப்பல் வரட்டும் அக்கா. கூட வாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“எலும்பு கப்பலுக்குக் காத்திருக்காதுடி. இப்பத் தொட்டா தொட்ட எடத்துல படியும். தள்ளத் தள்ள நோவுதான் கூடும்.” எழுந்து கம்பளியைச் சுற்றிக்கொண்டாள். “பத்து நாள் கழிச்சு வாரேன். கட்டியிருந்தா சரி. கட்டலைன்னா தொட்டில நானே தூக்கிட்டுப் போயிருவேன். ரெண்டுல ஒண்ணு.”

அவள் போனதும் கமானு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டான். தேங்காய் எண்ணெய்க்கு எங்கே போவது? கரடிக் கொழுப்பை உருக்கி வைத்திருந்தான். அதைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, பிள்ளையின் தலையைப் பின்னாலிருந்து முன்னால், காதிலிருந்து உச்சிக்கு என்று நீவ ஆரம்பித்தான். பாட்டு வேறு. குடிசை முழுக்கக் கரடி நாற்றம். கிலாசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் மழை, அதற்கடுத்த நாளும் மழை. அந்த நாட்டு மழை கொட்டாது, நிற்கவும் செய்யாது. சட்டை காய்வதற்குள் அடுத்த சட்டை நனைந்துவிடும். கப்பலைக் காணோம். வபத்தோ எடுக்கும் பருவம் என்பதால் பெண்கள் எல்லாரும் காலையிலேயே சதுப்புக்குப் போய்விடுவார்கள். மார்பளவு குளிர்நீரில் நின்று, கால்விரலால் சேற்றைத் துழாவிக் கிழங்கை நெம்பினால் அது மேலே மிதந்து வரும். அள்ளிப் படகில் போட வேண்டும். பெற்று ஒரு மாதம்கூட ஆகாத உடம்போடு கிலாசியும் போனாள். சொன்னால் கேட்கிறவள் இல்லை.

நாலாம் நாள் ரம்பத்துக்கு எண்ணெய் போட உட்கார்ந்தபோது கமானு சொன்னான்:

“அண்ணே, தலை கைக்கு அடங்க மாட்டேங்குது. சாயங்காலம் உருட்டி வைக்கேன். மறுநா சாயங்காலம் தொட்டா முன்பக்கம் அமுங்கிக் கெடக்கு.”

“எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

பொய். முந்தின நாள்தான், தார்ச்சட்டி வாங்கச் சதுப்பு வழியாகப் போனபோது பார்த்திருந்தேன். கிலாசி இடுப்புக்கு மேல் தண்ணீரில் நின்றாள். படகில் தொட்டில். தொட்டிலில் பிள்ளை. நெற்றியில் பலகை. அவளும் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கிழங்கைப் படகில் போட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நான் கமானுவிடம் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி நடுவில் தலையைக் கொடுக்காதே என்பது என் கொள்கை. அப்படியே ஒதுங்கி ஒதுங்கித்தான் எனக்குப் பெண்டாட்டி இல்லாமல் போயிற்று.

இப்படி அந்தச் சின்னத் தலையைப் பகலில் தாய் கட்டினாள், மாலையில் தகப்பன் உருட்டினான். ஒருவருக்கொருவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

எட்டாம் நாள் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. பால் குடிக்கவில்லை. அழுகைகூடத் தேய்ந்து, பூனைக்குட்டி முனகல் மாதிரி ஆகிவிட்டது. கிலாசி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது கமானு பிள்ளையின் நெற்றியில் விரல் வைத்தபடி இருந்தான். காதுக்கு மேல் கயிறு அழுந்திய சிவப்புத் தடம் இருந்தது.

“கட்டுதியா?” என்று கேட்டான்.

“கட்டுதேன்.”

“எத்தன நாளா?”

“அக்கா போன மறுநாள்லேர்ந்து. சதுப்புக்குத் தூக்கிட்டுப் போனா தொட்டில்ல போடாம தண்ணியிலயா போடச் சொல்லுத? போட்டா கட்டாம எப்படிப் போட? என் கை அதுவாக் கட்டுது.”

“வாரேன்னு வாக்குக் குடுத்தியே.”

“குடுத்தேன். வருவேன். கப்பல் வரலைன்னா? அது உடைஞ்சு போச்சுன்னா? உனக்கு வேற கப்பல் வரும், அதுல நீ ஏறிருவே. என் பிள்ளை உருண்டத் தலையோட எவன் படகுலயாவது துடுப்புப் போட்டுக்கிட்டுக் கெடக்கணுமா?”

“நான் உன்ன விட்டுட்டுப் போவேன்னு நெனச்சியா?”

“நீ தூக்கத்துல பேசுதியா இல்லையா? எனக்கு உன் ஊர்ப் பேச்சு அரைகுறையாத்தான் தெரியும். ஆனா ஒரு நாளாவது இந்த ஆத்தப் பத்தி நீ தூக்கத்துல பேசிக் கேட்டதில்ல.”

கமானு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்திலேயே அவன் வாசித்துவிட்டான்.

“பலகை கட்டுறது உனக்கும் தெரியும், இல்லண்ணே?”

“தெரியும்டே.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். கரடிக் கொழுப்புச் சட்டியை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். கிலாசி பலகையை அவிழ்த்துத் தொட்டிலுக்குப் பின்னால் சாய்த்தாள். இரண்டு நாள் அந்தத் தலையை ஒருவரும் தொடவில்லை. தேவதாருப் பட்டைக் கஷாயத்தைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தோம். பத்தாம் நாள் காலையில் பிள்ளை மார்பைத் தேடி வாயைத் திறந்தான். கிலாசி அப்போதுதான் அழுதாள்.

சொன்னபடி அன்றைக்கே தொவாம் வந்தாள். பிள்ளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ரெண்டு பேரும் பெசைஞ்சிருக்கீக” என்றாள். “ரெண்டுங்கெட்டானா ஆக்கப் பாத்தீகளே. மாப்ளே, உருட்டுறதுன்னா உருட்டு. உன் ஊருக்குக் கொண்டு போ. நான் சாபம் விட மாட்டேன். ஏடி, கட்டுறதுன்னா கட்டு, ஊரறியக் கட்டு. பாதித் தலையோட இவன் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்லயே நிப்பான்.”

யாரும் பதில் சொல்லுமுன் கோட்டையிலிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டது. சிறிது பொறுத்து ஆற்றிலிருந்து பதில் சத்தம். கப்பல் வந்துவிட்டது.

கமானு எழுந்து நின்றான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆறு வருஷக் குளிரும் அந்த ஒரு நொடியில் இறங்கிப்போனது. கிலாசி அந்த முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டு, தொட்டிலைக் காலால் மெதுவாக அவள் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துட்டுப் போ அக்கா. நாங்க போறோம்.”

தொவாம் வாக்குத் தவறவில்லை. சாபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவள், துறைக்குப் பக்கத்தில் பாய்க்கூடாரம் போட்டுக்கொண்டாள். கப்பல் சரக்கேற்ற நாலு நாள் ஆகும், தங்கையைப் படகேற்றிவிட்டுத்தான் போவேன் என்றாள்.

கப்பலில் எங்கள் ஆட்கள் பதினோரு பேர் புதிதாக இறங்கினார்கள். குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, ‘இதுதானா அந்த இடம்’ என்கிற முழி. நாங்களும் இப்படித்தான் இறங்கினோம். அதில் லேமானு என்று ஒருவன் ஹேயியாவிலிருந்தே வந்திருந்தான். கமானு அவனை விடவில்லை. பலகைக் கட்டில் உட்காரவைத்து, சூடாக மீன் கஞ்சி கொடுத்து, கேள்விமேல் கேள்வி.

“உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. கண்ணுதான் மங்கிப் போச்சு” என்றான் லேமானு. “போன வெள்ளத்துல சுவர் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. ஊரே சேந்து அடைச்சுச்சு. ஒரு ஆள் எடம் மட்டும் விட்டுருக்காரு. ‘அது கமானு பங்கு, அவன் வந்து வைப்பான்’னு ஒத்தக் கால்ல நிக்காரு. மீன் அது வழியா ஓடுது. ஊர்க்காரன் ஏசுதான். அவரு கேக்கணுமே.”

கமானு சிரித்தான். கண் நிறைந்து சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ கேட்கிற மாதிரிக் கேட்டான்:

“நம்ம ஊரு மோகு இங்கேர்ந்து ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போனானே. இந்த ஆத்துப் பொண்ணு. எப்படி இருக்கா?”

“இருக்கா. அப்படித்தான் சொல்லணும்.” லேமானுவுக்கு அது வேடிக்கைக் கதை. “கப்பல் வந்தாப் போதும், மலை தாண்டித் துறைக்கு ஓடிப்போயிருவா. எறங்குறவன் ஒவ்வொருத்தனையா ஏதோ சேத்துக் கெழங்கு இருக்கான்னு கேப்பா. நம்ம கூழ விரல்ல தொட்டு நக்குவா. மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, ‘இது ஒட்டுது, எங்க ஊர்ல ஒட்டாது’ம்பா. நாலு வருஷமா இதே பாட்டு. பிள்ளைகளுக்கு அவள வம்பிழுக்கிறதுதான் வெளையாட்டு.”

கமானு சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியை வாங்கி வைத்துவிட்டு எழுந்தான். ஆற்றோரமாக நடந்தான். நானும் பின்னால் போனேன்.

“அண்ணே, இதத்தான் நான் ஆறு வருஷமாத் தின்னேன்” என்றான். “இத எடுத்து கிலாசிக்கு ஊட்டச் சொல்லுதியா?”

எனக்கு அவன் வேண்டும். ஒன்பது வருஷம் கழித்துத் தனியாகப் போய் இறங்குவதை நினைத்தாலே பயமாக இருந்தது. என் ஊரில் எனக்காகக் கல் வைக்காமல் காத்திருப்பவர் யாரும் கிடையாது. அதனால் வாய் கூசாமல் சொன்னேன்:

“எல்லாம் பழகிரும்டே. பொம்பளைக சீக்கிரமாப் பழகிக்கிடுவாக.”

“நீ பழகிக்கிட்டியா?”

அவன் தொவாமின் கூடாரத்துக்குப் போனான்.

தொட்டிலோடு அவன் குடிசைக்குள் நுழைந்தபோது கிலாசி மூட்டை கட்டி முடித்திருந்தாள். கம்பளி, பாய், ஒரு பை நிறைய உலர்ந்த வபத்தோ. அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

“என்னய்யா பண்ணுத? நான்தான் வாரேன்னுட்டேன்ல?” என்றாள் கிலாசி.

“நீ வருவே. தெரியும். வந்தபொறவு தெனமும் துறையில போய் நிப்பே. அதப் பாத்துக்கிட்டு நான் என்னத்த சுவர் கட்ட?”

“அது என் பாடு. உன்ன யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல” என்றான் கமானு. “எனக்கு அந்த நோவு தெரியும். உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.”

பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினான். பலகையை எடுத்து நெற்றியில் வைத்தான். அத்தனை பெரிய மரத்தில் நூல் விலகாமல் அறுக்கிற கை, கயிற்றைத் துளையில் கோக்க இரண்டு முறை தவறியது. இழுத்தான். பிள்ளை வீறிட்டான்.

“முரட்டுப்பயலே, மரமா அறுக்க?” என்று தொவாம் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தளர்த்து. இன்னும். ஒரு விரல் உள்ள போகணும். போகுதா?”

“போகுது.”

“தெனமும் விரல் விட்டுப் பாத்துக் கட்டணும். நாள் தள்ளிப் போச்சு, கொஞ்சம் அழுவான். படிஞ்சிரும்.”

கிலாசி முகத்தைக் கம்பளியில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “உனக்கு என்னய்யா மிச்சம்?” என்று கம்பளிக்குள்ளிருந்தே கேட்டாள். அவன் விரலைப் பலகைக்கு அடியில் விட்டபடியே, பிள்ளை ஓயும்வரை உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் குமாஸ்தாவிடம் போய்ப் பெயரை அடித்துவிட்டு, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கீறல் போட்டான். அதற்கு மூன்றாம் நாள், நாங்கள் இருவரும் அறுத்துக் கப்பலேற்றிய பலகைகளின்மேல் உட்கார்ந்து நான் கிளம்பினேன். கமானு துறையில் வந்து நின்றான்.

“உங்கப்பாகிட்ட என்னடே சொல்ல?”

“பேரன் இருக்கான்னு சொல்லு. என் பங்குக் கல்ல நீ வச்சுக் குடுத்துரு.”

“கேப்பாரே, எப்படி இருக்கான் என்னன்னு.”

“கேட்டா உனக்குத் தோணுறதச் சொல்லு.”

இருபத்தொரு நாள் கடல். ஓவாஹுவின் ஹொனலுலு துறையில் இறங்கி, வெயில் முதுகில் பட்டதும் ஒரு பாறையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு மாதத்துக்குள் அந்தப் பாழாய்ப்போன மழைக்கு ஏங்க ஆரம்பித்துவிட்டேன். கமானுவுக்குத் தெரிந்த நோவு எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இறங்கிய எட்டாம் நாள் மலை தாண்டி ஹேயியா போனேன். குளத்துச் சுவரின்மேல் ஒரு மெலிந்த மனிதர் கால்விரலால் கல் கல்லாகத் தடவிக்கொண்டு நடந்தார். கேட்காமலே யாரென்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். வரவில்லையா என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு தண்ணீரில் இறங்கச் சொல்லி, காலியாக விட்டிருந்த இடத்தைக் காட்டினார். மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல் அடுக்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பல் கிட்டவில்லை. அவர் மேலேயிருந்து கை நீட்டித் தடவிப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கல்லை வைத்துவிட்டு மேலே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீனும் கூழும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். தின்று முடித்துக் கை கழுவினார்.

“பயலுக்குத் தலைய நீவி விட்டானா?” என்று கேட்டார். “அங்க நம்ம பொம்பளைக கிடையாதே. யாரு செஞ்சிருப்பா?”

“அவனே நீவினான். சாயங்காலம் சாயங்காலம், மடியில போட்டுக்கிட்டு. நான் பாத்தேன்.”

“பாட்டும் பாடுவானே.”

“பாடினான்.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, மங்கிய கண்ணுக்கு முன்னால் ஏந்திப் பிடித்தார். கொஞ்சம் அகட்டினார், பிறகு கொஞ்சம் ஒடுக்கினார்.

“உருண்டையா, இம்புட்டு இருக்குமா?”

“அம்புட்டுதான் இருக்கும்” என்றேன்.